‘ஓனர்’ என்று பெயர். ஓடுவதோ கடன்காரன் வண்டி!

2018ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது விவாதம் நடந்தது. வாலிபர்களுக்கு வேலை எங்கே என்ற கேள்விக்குப் பதிலாகப் பிரதமர் நரேந்திர மோடி ஒரு கணக்கை எடுத்து வாசித்தார். ஓராண்டிலே 7 லட்சத்து 60 ஆயிரம் வர்த்தக வாகனங்கள் விற்றிருக்கின்றனவாம். கால் பங்கு, பழைய வண்டிக்குப் பதிலாக வாங்கியவை என்று கழித்தாலும், 5 லட்சத்து 70 ஆயிரம் புது வண்டிகள் ரோட்டுக்கு வந்திருக்கின்றனவாம். வண்டிக்கு இரண்டு பேர் வீதம் 11 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு வேலை கிடைத்துவிட்டதாம்!

அன்று காலையில்தான் நாடு முழுவதும் லாரிகள் நின்றன. அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் அறிவித்த காலவரையற்ற வேலைநிறுத்தத்தின் முதல் நாள் அது. டீசல் விலையைக் குறை, சுங்கச்சாவடிக் கொள்ளையை நிறுத்து, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணத்தைக் குறை என்று கேட்டார்கள். எட்டு நாள் நீடித்தது போராட்டம். சபைக்கு உள்ளே வண்டிகளை எண்ணி வேலை என்கிறார் பிரதமர். வெளியே அதே வண்டிகளுக்குச் சொந்தக்காரர்கள், ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை என்று சாவியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விற்ற வண்டியெல்லாம் வேலை என்றால், தவணை கட்ட முடியாமல் பறிபோன வண்டிகளை எந்தக் கணக்கிலே எழுதுவது? அந்தக் கணக்கை மட்டும் பிரதமர் வாசிக்கவில்லை.

பெரிய லாரிகளின் கதை இருக்கட்டும். இங்கே நாம் பேச வந்தது சின்ன வண்டிகளைப் பற்றி. 2005ஆம் ஆண்டு மே மாதம் டாடா கம்பெனி ‘ஏஸ்’ என்ற வண்டியைச் சந்தைக்கு விட்டது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரை சக்தி, முக்கால் டன் சரக்கு. நம் ஜனங்கள் அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். 2011இல் ஓசூர்ப் பக்கத்திலிருந்து அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தது. மஹிந்திராவின் பிக்கப் வண்டிகள் கிராமத்து ரோடுகளை நிறைத்தன. இன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி வந்தாலும், கோயம்பேட்டிலிருந்து தெருக்கடைக்குக் காய் போனாலும், வீடு காலி செய்தாலும், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இறக்கினாலும் குட்டி யானை இல்லாமல் ஆகாது.

இதை வாங்குகிறவர் யார்? பத்து வருஷம் இன்னொருவர் வண்டியில் டிரைவராக இருந்தவர். மில் மூடியதால் வெளியே வந்தவர். காட்டில் மழை பொய்த்ததால் வெள்ளாமையை விட்டவர். மனைவியின் நகையை விற்று முன்பணம் கட்டி, மீதிக்குப் பைனான்ஸ் கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, மாலை போட்ட வண்டியோடு கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீடு வந்து சேருகிறார். அன்றிலிருந்து ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் ‘ஓனர்’. சர்க்கார் புள்ளிவிவரத்தில் அவர் ‘சுயதொழில் செய்பவர்’. 2015இல் முத்ரா திட்டம் வந்த பிறகு இன்னும் பெரிய பட்டமும் கிடைத்துவிட்டது: அவர் வேலை தேடுகிறவர் அல்லவாம், வேலை கொடுக்கிறவராம்!

யாருடைய வண்டி?

நாம் கேட்பது எளிமையான கேள்வி. இந்த வண்டி யாருடையது?

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டுங்கள். ‘உரிமையாளர்’ யார் என்று 2ஆவது பிரிவு சொல்கிறது. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர். தவணைக்கோ கடனுக்கோ எடுத்த வண்டியாக இருந்தால், அந்த ஒப்பந்தப்படி வண்டி யார் கைவசம் இருக்கிறதோ அவர். அதாவது நம் டிரைவர். விபத்து நடந்தால் அவர் பொறுப்பு. வரி பாக்கி என்றால் அவர் பொறுப்பு. அபராதமா, அதுவும் அவர் தலையில். விபத்தில் செத்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு தர வேண்டியது பைனான்ஸ் கம்பெனியா என்ற வழக்கில், வண்டி கம்பெனியின் கைவசம் இல்லை, ஆகவே அது பொறுப்பாகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லது. கம்பெனி ஓனர் அல்ல.

இப்போது தவணை தவறுகிறது என்று வையுங்கள். 2002இல் ஒருவர் தவணைமுறையில் ஒரு மஹிந்திரா ஜீப் எடுத்தார். சில தவணைகள் கட்டினார், பிறகு முடியவில்லை, கம்பெனி வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நுகர்வோர் மன்றங்களில் ஏறி இறங்கிய அந்த வழக்கு 18 வருஷம் கழித்து, 2020 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தவணைமுறைக் கொள்முதலில் எல்லாத் தவணையும் தீரும் வரை பணம் போட்டவரே வண்டியின் உரிமையாளர், பாக்கி வைத்தால் ஒப்பந்தப்படி அவர் வண்டியை எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்றது தீர்ப்பு.

கவனித்தீர்களா, தோழர்களே! நஷ்டஈடு கொடுக்கும் நாளில் டிரைவர் ஓனர். வண்டியைத் தூக்கும் நாளில் கம்பெனி ஓனர். லாபத்துக்கு ஒரு சொந்தக்காரன், நஷ்டத்துக்கு ஒரு சொந்தக்காரன்! இவ்வளவு வசதியான ஏற்பாட்டை அந்தக் காலத்து லேவாதேவிக்காரன் கனவிலும் கண்டிருக்க மாட்டான். அவனாவது நிலத்தை எழுதி வாங்கினால் தீர்வையையும் சேர்த்துக் கட்டினான்.

இன்றைய கடன்களில் பெரும்பாலானவை தவணைமுறைக் கொள்முதல் அல்ல, வண்டியை ஈடாக வைத்த கடன், அங்கே வாங்கியவரே உரிமையாளர் என்று சட்டம் படித்தவர்கள் திருத்தம் சொல்லக்கூடும். காகிதத்தில் அப்படித்தான். ஆனால் பணம் கட்டத் தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து அந்தக் காகிதத்திலும் இருக்கிறது. நாற்பது பக்கம் இங்கிலீஷில் அச்சடித்து, பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினால், எந்த டிரைவர் எந்த ஷரத்தைப் படித்தார்? குண்டர்களை ஏவிக் கடன் வசூலிக்கக் கூடாது, சட்ட வழியில் போ என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வங்கிக்குச் சொன்னது. பறிமுதலுக்கு முன்னே எத்தனை நாள் நோட்டீஸ், ஏலத்துக்கு முன்னே கடைசித் தவணை, எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் விதி போட்டிருக்கிறது. விதி இருக்கிறது. அதற்குக் காவல் எங்கே? இரவு பெட்ரோல் பங்கில் டீசலுக்கு நிற்கும் வண்டியை நாலு பேர் சுற்றிக்கொண்டு சாவியைப் பிடுங்கும்போது, ரிசர்வ் வங்கிக் கவர்னரா வந்து நிற்கப் போகிறார்?

வட்டிக்கு வருவோம். ‘ஒன்பது பர்சென்ட்தான் அண்ணே’ என்கிறார் ஷோரூமில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கடன் ஏஜெண்டு. கணக்குக்காக 6 லட்சம் ரூபாய் கடன், நாலு வருஷம் என்று எடுத்துக்கொள்வோம். முதல் நாள் அசலுக்கே நாலு வருஷமும் வட்டி போடுவது இவர்களுடைய தட்டை வட்டி. வருஷத்துக்கு 54,000, நாலு வருஷத்துக்கு 2,16,000. மொத்தம் 8,16,000 ரூபாயை 48 மாதமாகப் பங்கிட்டால் மாதம் 17,000. பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலும் சேர்ந்தே குறைந்து வருகிறதே! குறைந்த அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பாருங்கள். அந்த 17,000 ரூபாய்த் தவணைக்குப் பின்னால் இருப்பது 9 அல்ல, ஏறத்தாழ 16 சதவீத வட்டி. பள்ளிக்கூடத்துக் கணக்குதான் இது. இதை மறைக்கத்தான் அந்த ‘தட்டை’ என்ற வார்த்தை.

கொரோனா வந்தபோது 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதத்துக்குத் தவணையை ஒத்திவைக்கலாம் என்றார்கள். வண்டி வீட்டு வாசலில் நின்றது. வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. அதே மே மாதத்தில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த வேளையில், மத்திய சர்க்கார் டீசல் மீது ஒரே நாளில் லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றியது. 2014இல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த கலால் வரி 31 ரூபாய் 83 காசாயிற்று. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள் என்பது உண்மை. குறைத்த பிறகும் 2014இன் அளவைப் போல நாலு மடங்குக்கு மேல் நின்றது என்பதும் உண்மை. 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி.யை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்ததற்குத் தோரணம் கட்டினார்கள். புதிதாக வாங்குகிறவருக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு முந்தைய மாதம் வாங்கியவர் பழைய விலைக்குப் போட்ட கடனை நாலு வருஷம் கட்டியாக வேண்டும். விற்றுவிடலாம் என்றாலோ புது வண்டி மலிந்துவிட்டதால் பழையதைக் கேட்பாரில்லை.

பதினைந்து மூட்டையும் முப்பது மூட்டையும்

முக்கால் டன் என்றால் 750 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டை 15. அவ்வளவுதான் குட்டி யானையில் சட்டப்படி ஏற்றலாம். எந்த ஊரில், எந்தக் கடை வாசலில் 15 மூட்டையோடு வண்டி கிளம்பப் பார்த்திருக்கிறீர்கள்?

வாடகை ‘நடை’க்கு இவ்வளவு என்பதுதான் எங்கும் பேச்சு. எடைக்கு இவ்வளவு என்பதல்ல. நடைக்குக் கூலி பேசிய வியாபாரிக்கு, ஏற்றுகிற ஒவ்வொரு கூடுதல் மூட்டையும் இனாம். ‘இன்னும் பத்து மூட்டை போட்டுக்கப்பா, பக்கத்திலதானே’ என்பார். முடியாது என்றால் ஸ்டாண்டில் அடுத்த வண்டி நிற்கிறது. அந்த வண்டிக்கும் ஐந்தாம் தேதி டியூ. இப்போது செல்போன் செயலிக் கம்பெனிகளும் வந்துவிட்டன. வாடகையை அவர்களே போடுகிறார்கள், கமிஷனை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள், வண்டியில் என்ன எடை ஏறுகிறது என்பதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை.

ஆகவே வண்டி நேராகப் பட்டறைக்குப் போகிறது. பின்பக்கத்து வில்பட்டையில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்க்கிறார்கள். பக்கப் பலகையை உயர்த்தி இரும்புச் சட்டம் அடிக்கிறார்கள். பின்கதவுக்குக் கொக்கி வைத்து, கதவை மடக்கி, அதன் மேலும் சரக்கு நிற்கும்படி சங்கிலி போடுகிறார்கள். டயரை ஒரு அளவு பெரிதாக்குகிறார்கள். இதற்கும் ஒரு கைமாற்றுக் கடன். நம் பட்டறைத் தொழிலாளியின் கைத்திறமையைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை; இரும்பை வளைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இந்தக் காரியத்தை நாம் ஆதரிக்கவில்லை. அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். பட்டை சேர்த்தால் வண்டி தாழாது, அவ்வளவுதான். சேசிஸ் அதேதான், அச்சு அதேதான், பிரேக்கும் அதேதான். சரக்கோடு சேர்த்து 1,550 கிலோவுக்கென்று செய்த வண்டியில் 30 மூட்டை ஏற்றினால் மொத்தம் 2,300 கிலோ. அதே சிறு பிரேக் ஒன்றரை மடங்கு எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். பாரம் பின்னச்சுக்கும் பின்னால் போனால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கைக்கு அடங்காது. முகவிளக்கு ரோட்டைப் பார்க்காமல் எதிரே வருகிறவன் கண்ணைப் பார்க்கும். முன்பு வண்டி ‘பாரம் போதும்’ என்று தாழ்ந்து காட்டிக்கொண்டிருந்தது. பட்டை சேர்த்து அதன் வாயையும் அடைத்துவிட்டோம். 2022ஆம் வருஷத்தில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று மத்திய சர்க்காரின் அறிக்கையே சொல்கிறது. அதிலே நடந்து போனவனும் சைக்கிளில் போனவனும் நம் ஆள்தான்.

இன்னொரு பாரமும் இந்த வண்டிகளில் ஏறுகிறது: மனிதப் பாரம். 2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே, வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற ஒரு சரக்கு வண்டி கவிழ்ந்தது. ஐந்து விவசாயக் கூலிப் பெண்கள் உயிரிழந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏறக் கூடாது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாதா? தெரியும். விடியுமுன் களத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்த வழியில் பஸ் கிடையாது. அழைத்துப் போகும் செலவை வேலை கொடுப்பவர் மிச்சம் பிடிக்கிறார். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு வாரம் ரோட்டில் சோதனை நடக்கும், டிரைவர் மீது வழக்கு வரும். பஸ் மட்டும் வராது.

அபராதம் யாருக்கு?

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்னே அதிக பாரத்துக்கு 2,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயும் என்று இருந்த அபராதத்தை 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயும் என்று ஆக்கினார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. உயிரைக் காக்கவே இந்தக் கடுமை என்றார்கள். ஆனால் அந்த 20,000ஐக் கவனியுங்கள். இருபத்தைந்து டன் ஏற்றும் பெரிய லாரிக்கும் 20,000. முக்கால் டன் குட்டி யானைக்கும் 20,000! நடைக்கு ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், இருபது நடையின் மொத்த வாடகை, டீசலையும் சேர்த்து, ஒரே ரசீதில் போய்விடுகிறது. யானைக்கும் பூனைக்கும் ஒரே சங்கிலி போடுவதுதான் சமத்துவமா?

வண்டியை அனுமதியின்றி மாற்றியமைத்தால் அதற்குத் தனி. புதிதாகச் சேர்த்த 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பட்டைக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, டயருக்கு ஒன்று என்று எண்ணிக்கொள்ளலாம். குற்றவாளி ‘ஓனர்’.

இங்கேதான் நம்முடைய குற்றச்சாட்டு. அதிக பாரத்துக்கான 194ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டக் காரணமாக இருப்பவர், ஓட்ட அனுமதிப்பவர் எல்லாருமே தண்டனைக்குரியவர் என்கிறது. காரணமாக இருப்பவர் யார்? கடை வாசலில் நின்று ‘இன்னும் பத்து மூட்டை போடு’ என்றவர் அல்லவா? தன் கிடங்கிலிருந்து 30 மூட்டைக்கு ஒரே பில் போட்டு, அதே பில்லில் வண்டி நம்பரையும் எழுதிக் கொடுத்தவர் அல்லவா? அத்தாட்சி அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்து வரி பிடிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அதே பில்லைப் பார்த்து எடை பிடிக்கத் தெரியாதா?

அதே சட்டத்தின் 113ஆவது பிரிவில் ஒரு விசித்திரம். ஓட்டியவர் உரிமையாளர் அல்ல என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் உத்தரவின் பேரில்தான் அதிக பாரம் ஏற்றியதாகக் கோர்ட் அனுமானிக்கலாமாம். சரி, நியாயம். கூலிக்கு ஓட்டுகிறவன் தானாக ஏற்றமாட்டான் என்பதைச் சட்டம் புரிந்துகொள்கிறது. அந்தப் புத்தி சரக்குக்காரரிடம் வரும்போது மட்டும் ஏன் மங்கிவிடுகிறது? வாடகைக்கு ஓட்டுகிற சின்ன ஓனரும் தானாகவா ஏற்றுகிறார்?

இன்ஷூரன்ஸ் கனவான்களின் நியாயமும் இதே நியாயம்தான். 2022 ஜூன் முதல் என்று அறிவித்த மூன்றாம் நபர் கட்டணத்தில், மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள பொதுச் சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே படி: வருஷத்துக்கு 16,049 ரூபாய். 1,550 கிலோ குட்டி யானைக்கும் அதே தொகை, அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கனமான வண்டிக்கும் அதே தொகை. வாங்கும்போது எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள், கொடுக்கும்போது தலைமுடியைப் பிளக்கிறார்கள். டிரைவரிடம் இருப்பது இலகுரக வாகன லைசென்ஸ், சரக்கு வண்டிக்குத் தனிக் குறிப்பு இல்லை, ஆகவே நஷ்டஈடு தர மாட்டோம் என்று கம்பெனிகள் வருஷக்கணக்கில் வாதாடின. 2017இல் மூன்று நீதிபதிகள் அதைத் தள்ளினார்கள். விடவில்லை, அரசியல் சாசன பெஞ்ச் வரை போனார்கள். 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள், 7,500 கிலோ வரை அந்த லைசென்ஸ் போதும் என்று முடித்தார்கள். இந்த லைசென்ஸ்காரர்களால்தான் விபத்து பெருகுகிறது என்பதற்கு ஆதாரம் எதையும் யாரும் காட்டவில்லை என்பதையும் தீர்ப்பு சுட்டிக் காட்டியது. ஆனால் கூடுதல் பட்டையைக் காட்டி நஷ்டஈட்டை மறுக்கும் வழக்கு வாதம் இன்னும் அவர்கள் பையில் இருக்கிறது. டிரைவர் தோழர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள்: ‘வண்டி வைத்திருக்கிறவன் முதலாளிதானே, அவனுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?’ இந்தக் கேள்வி புத்தகத்தைப் படித்து ஸ்டாண்டைப் பார்க்காததால் வருவது. டீசலும் டியூவும் போக மாதக் கடைசியில் கையில் நிற்பதை நம் டிரைவர் ‘லாபம்’ என்கிறார். அது லாபமல்ல. அவருடைய சொந்தக் கூலியே அதில் முழுசாக வரவில்லை. டயர் தேய்கிறது, எஞ்சின் தேய்கிறது. வண்டியை மாற்ற ஒரு காசு அவர் ஒதுக்குவதில்லை. கடன் தீர்ந்து கம்பெனி தடையின்மைச் சான்று கொடுக்கும் நாளில், ஐந்து வருஷம் இரட்டைப் பாரம் இழுத்த ஒரு பழைய இரும்புதான் அவருடைய ‘மூலதனம்’. முதலாளி என்பவன் பிறர் உழைப்பைத் தின்று வளருகிறவன். இவரோ தன் வண்டியையும் தன் முதுகெலும்பையும் சேர்த்துத் தானே தின்று ஜீவிக்கிறார்.

அதற்காக ஓனர்-டிரைவர்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்றும் சொல்ல மாட்டோம். கூட வந்து மூட்டை தூக்கும் பையனுக்கு நாள் கூலியில் பிடித்தம் செய்கிறவர் இருக்கிறார். நேற்று வரை தோளில் கை போட்டுத் தேநீர் குடித்த நண்பரின் நடையை, நூறு ரூபாய் குறைத்துச் சொல்லித் தட்டிப் பறிக்கிறவர் இருக்கிறார். அந்த நூறு ரூபாய் யார் பெட்டிக்குப் போகிறது? வியாபாரி பெட்டிக்கு. இரண்டு வண்டியும் ஒருவரையொருவர் முந்தி வாடகையை இறக்கிக்கொண்டே போனால், கடைசியில் இரண்டுமே ஒரே கம்பெனியின் ஏல யார்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு ஸ்டாண்டில் உள்ள அத்தனை வண்டியும் 15 மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று நின்றால், அன்றைக்கு வாடகை எடைக்கு இறங்கி வந்தே தீரும். ஒரு வண்டி மட்டும் நின்றால் அந்த வண்டிக்கு அன்று சோறில்லை. இதுதான் விஷயம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய தர்மம் எதுவும் அல்ல. அதிக பாரத்துக்கு ரசீது போடும்போது சரக்கு அனுப்பியவர் பெயரையும் சேர்த்து எழுதட்டும். 194ஆவது பிரிவில் ஏற்கெனவே இடமிருக்கிறது, புதுச் சட்டம் வேண்டாம். அபராதத்தின் அடிப்படைத் தொகை வண்டியின் எடைக்குத் தக்கபடி இருக்கட்டும். 16,049 ரூபாய்ப் படியை உடைத்து, இரண்டு டன்னுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத் தனிப் படி வரட்டும். மார்க்கெட் வாசல்களில் சர்க்கார் எடைமேடை வைத்து, எடைச் சீட்டின் பேரில் வாடகை பேசும் முறை வரட்டும். கோர்ட் உத்தரவு இல்லாமல் ரோட்டிலே வண்டியை மறிக்கிற எவனையும் வழிப்பறிக்காரனாகப் போலீஸ் பிடிக்கட்டும். கூலிப் பெண்கள் போகும் வழிகளில் விடியற்காலை பஸ் விடட்டும்.

அதுவரை, தவணைக்கு வண்டி எடுக்கப் போகிற தோழர்கள் கையெழுத்துப் போடுமுன் இரண்டு காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, கடனின் முக்கிய விவரச் சீட்டு. எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் வட்டி என்பதை, வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ‘ஒன்பது பர்சென்ட்’ என்று வாயால் சொன்னது அந்தச் சீட்டில் என்னவாகிறது என்று பாருங்கள். மற்றொன்று, ஒப்பந்தத்தின் முழு நகல். அதிலே வண்டியைத் திரும்ப எடுக்கும் ஷரத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாள் நோட்டீஸ் என்பதைத் தெரிந்தவர் ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு டியூவுக்கும் ரசீதை வாங்கி, வண்டியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்; வண்டி போகும்போது டேஷ்போர்டில் இருக்கும் காகிதமும் அதோடு போய்விடும்.